ஓடெல் ஏறாத விமானம்

லூட்டன் நகரத்திலிருந்து ஓடெல் கம்பெனியின் முதல் விமானம் புறப்பட்ட அன்று, அதன் முதலாளி வில்ஃபிரட் ஓடெல் ஒரு பொலிகாளையின் எடை இருந்தார். உடம்பு பெருக்கவில்லை, பழைய கால்சட்டை இடுப்பில் அப்படியே நின்றது. வெட்கம்தான் காரணம் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் யாரும் வைத்தியரைத் தேடவில்லை.

லூட்டன் தொப்பி செய்கிற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜனங்கள் தலையை மூடுவதை விட்டுவிட்டார்கள். ஓடெலின் தொழிற்சாலை படுத்தது. ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊரே கூட்டமாகக் கடற்கரைக்குக் கிளம்பும். அந்த வருஷம் அவர் தொழிற்சாலை வாசலில் நின்று, அங்கே வேலை செய்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தொப்பியைத் தூக்கி, "திங்கக்கிழமை பாப்போம்" என்று வழியனுப்பினார். திங்கட்கிழமை கதவில் பூட்டு தொங்கியது. தையல் இயந்திரங்களை விற்று, போரில் அடிபட்ட ஒரு விமானத்தை வாங்கியிருந்தார். அன்றிலிருந்து எடை ஏறியது. மாடிப்படி உடைந்தது, படுக்கை சமையலறைக்கு இறங்கியது.

விமானத்தில் ஏறுகிறவர்களைப் பெட்டியோடு தராசில் நிறுத்துவது அந்நாள் வழக்கம். ஓடும் வேகத்தில் இறக்கையைச் சுற்றிப் பாயும் காற்று ஓர் அளவு பாரத்தைத்தான் தூக்கும். அந்தப் பாரமும் இறக்கைக்கு நேராக அமையவேண்டும், பின்னால் சரிந்தால் வால் தாழ்ந்துவிடும். ஸ்பெயின் நாட்டு மயோர்காத் தீவுக்குப் போக முதலில் சீட்டு வாங்கியவர்கள் அதே பெண்கள். இப்போது கார் தொழிற்சாலையில் சம்பளம். ஓடெலுக்கு இருந்தது ஒரே ஆசை: சொந்த விமானத்தில் ஒரு தடவை பறக்கவேண்டும். தராசில் ஏறினார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

"வெக்கம் இவ்ளோ கனமாடி?" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான மேவிஸ்.

"உன்கிட்ட இருந்தாத்தானே உனக்குத் தெரியும்" என்றாள் டோரீன் இம்பி. தொப்பிக்கு நாடா தைத்த பெண்களை மேற்பார்வை பார்த்தவள் அவள். ஓடெலிடம் திரும்பினாள். "முதலாளி, பெட்டியெல்லாம் இங்கயே வச்சிட்டுப் போறோம். பத்தலேன்னா நாலு பேரு அடுத்த தடவ வர்றோம். நீங்க நடுவுல உக்காந்துக்குங்க."

"என் நீச்சல் உடுப்பு?" என்றாள் மேவிஸ்.

"கட்டின துணியோட குளிடி."

பெண்கள் சிரித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் தரையைத் தொடத் தொட ஓடெல் கனத்தார். தராசு நொறுங்கியது, அவர் காலடியில் சிமெண்டுத் தளம் விரிசல் விட்டது.

"பெட்டிய எடுத்துக்குங்கம்மா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "போயிட்டு வாங்க."

விமானம் அவரில்லாமல் லேசாக எழும்பியது.

கம்பெனி வளர்ந்தது. தொப்பியூர் விமான ஊரானது. ஓடெல் கடைசிவரை பறக்கவில்லை. பெருங்காற்று அடிக்கும் நாட்களில், நிற்கும் விமானங்களைக் கான்கிரீட் கட்டைகளில் கட்டிவைப்பார்கள். பெரிய விமானத்துக்குக் கட்டை போதாவிட்டால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்பார். கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள். ஒரு விமானமும் இம்மியும் நகர்ந்ததில்லை.