முழங்கால் தெரியும்படி

ஹானெஸ் மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தான். மூன்றுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்று தீப்பெட்டி அளவு, கட்டைவிரல் பருமனில் ஒன்று, இரண்டு பக்கமும் கண் வைத்தது ஒன்று. ரூப்பெர்ட் கையுறையைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குப் பலகைகள் விற்கும் கடைகளில் இதுதான் பழையது. ஹானெஸும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனாலும் ரூப்பெர்ட் இந்தக் கடைக்குள் வந்து பதினான்கு மாதமாகிறது. ஹானெஸ் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள் என்று சொன்னான். எப்படிக் குலுங்கினாலும் படம் குலுங்காமல் வரும் என்று தீப்பெட்டி அளவு கேமராவைத் தட்டிக் காட்டினான்.

படம் வேண்டும் என்று கேட்டது அவன் மகள் மாக்தா. போன ஞாயிற்றுக்கிழமை சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, உப்பு கேட்பதுபோல, மேலிருந்து கீழ்வரை அந்தப் பாதையில் ஒரு தடவை சறுக்கிப் படம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள். எந்தப் பாதை என்று ரூப்பெர்ட் கேட்கவில்லை. அவள் விழுந்த பாதை. இருபத்தாறு வயதில், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவள் விழுந்த அன்று காலை, ஆட்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் அவன்தான் வேலையில் இருந்தான். மேலே பாதை கட்டியாக உறைந்து கிடக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை, போ என்றான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசியதே இல்லை. அவன் வேலைக்குப் போனான், வந்தான், அவளைத் தூக்கிப் படுக்க வைத்தான். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நாட்கள் இருந்தன.

"ஹெல்மெட்ல மாட்டுற பட்டையா, நெஞ்சுல கட்டுறதா?" என்று ஹானெஸ் கேட்டான்.

ரூப்பெர்ட்டுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, அவளையே கேள் என்று ஹானெஸிடம் நீட்டினான். ஹானெஸ் ஹெல்மெட்தான் நல்லது என்றான். மலை, வானம் எல்லாம் வரும், ஆடாமல் அசையாமல் வரும்.

"மலை இங்க ஜன்னல்லயே தெரியுது, ஹானெஸ்," என்றாள் மாக்தா. "நெஞ்சுல கட்டுங்க. முழங்கால் தெரியணும். குலுங்காம ஆக்குறது எதோ இருக்குல்ல, அத அணைச்சிடுங்க."

ஹானெஸ் அதை அணைத்துவிட்டு, தீப்பெட்டிக் கேமராவையும் நெஞ்சுப் பட்டையையும் உறையில் போட்டான்.

மறுநாள் காலை முதல் லிஃப்டில் ரூப்பெர்ட் மேலே போனான். மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. பட்டையை இறுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுச் சறுக்கி இறங்கினான். உடம்பு எதையும் மறக்கவில்லை. இடுப்பு தானாகத் திரும்பியது, பலகைகளின் ஓரங்கள் பனியைச் சீவிக்கொண்டு போயின. சரியாக வருகிறதே என்பதுதான் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. லிஃப்டின் இரண்டாவது தூணுக்குக் கீழே, அவள் விழுந்த அந்த வளைவில், ஒரு நொடி நின்றான். அழுகை வருமோ என்று பயந்திருந்தான். வரவில்லை. மற்ற இடங்களைப் போல அதுவும் ஓர் இடம்தான். கீழே வந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போனான்.

மாலையில் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்து இருவரும் பார்த்தார்கள். படம் கண்டபடி குலுங்கியது. திரையின் அடியில் இரண்டு முழங்கால்கள் மடங்கின, நிமிர்ந்தன, மடங்கின. மாக்தாவின் தோள்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் லேசாகச் சாய்ந்தன. அது அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

வளைவு வந்தது. படத்தில் அவன் நின்றான். ஒரு நொடி என்றுதான் ரூப்பெர்ட் நினைத்திருந்தான். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டாயிற்று. பலகைகள் அசையவில்லை, முழங்கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. மூச்சுச் சத்தம், யாரோ மூட்டை தூக்குவதுபோல.

"இத ஓட்டி விடு," என்றான்.

"வேண்டாம்."

"அங்க குளிரும்மா. அதான் நடுங்குது."

நான்காவது நிமிடத்தில்தான் மாக்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, நாளைக்கும் போ," என்றாள். "ஆனா இங்க நிக்காத."

அவன் சரி என்றானா என்பது அவனுக்கே கேட்கவில்லை. படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பலகைகளின் சிவப்பு நுனிகள்மேல் பனி ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. முதலில் இடது நுனி வெளுத்தது. வலதில் கொஞ்சம் சிவப்பு மீதி இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.