கூலிக்கு வந்த கைகள்

துலூஸ் நகரத்துக்காரர்களுக்குத் தங்கள் காதைப் பற்றி ரொம்பவே கர்வம். பாரிஸே தலையில் தூக்கி வைத்து ஆடிய பாடகியாக இருந்தாலும், அந்த ஊர் ஆப்பராவில் ஒரு சீசன் பாட வேண்டுமென்றால் முதலில் மூன்று முறை அரங்கேறிக் காட்ட வேண்டும். மூன்றாவது அரங்கேற்றம் முடிந்ததும் போலீஸ் கமிசார் மேடைக்கு வந்து நிற்பார். பிடித்தவர்கள் கை தட்டலாம், பிடிக்காதவர்கள் விசிலடிக்கலாம். விசில் என்றால் வாயால் இல்லை. வீட்டு வாசற்கதவின் இரும்புச் சாவியை உதட்டில் வைத்து அதன் துளைக்குள் ஊதுவார்கள். எந்தச் சத்தம் ஓங்குகிறதோ அதுதான் தீர்ப்பு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஊர் அதைக் கலைஞானம் என்று சொல்லிக்கொண்டது.

ஒக்தாவி ரூவியேருக்கு அன்று மூன்றாவது அரங்கேற்றம். வயது நாற்பத்தொன்று. அக்டோபர் பிறந்துவிட்டதால் மற்ற ஊர்களில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். இங்கே விசில் ஜெயித்தால் இந்த வருடம் மேடை இல்லை. அடுத்த வருடம் யாரும் கூப்பிடப் போவதும் இல்லை. முதல் நாள் மரியாதைக்குத் தட்டினார்கள். இரண்டாம் நாள் நடுநடுவே சாவிகள் முனகின. இன்று எப்படியோ.

ஆல்பியில் துணி வெளுக்கும் வீட்டில் பிறந்து, மாதா கோயிலில் பாடி, பத்தொன்பது வயதில் முதன்முதலாக நின்றது இதே மேடையில்தான். அன்று சாவிகள் ஒன்றாக ஊதி அவளை ஊரை விட்டே அனுப்பின. லியோன், போர்தோ என்று அலைந்து தொண்டையைத் தேற்றிக்கொண்டு மறுபடி வந்தபோது, அதே ஜனங்கள் அவள் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள். அப்புறம் பாரிஸ். ஆறு வருடம் ஓஹோ என்று இருந்தது. போன குளிர்காலத்தில் தொண்டையில் வந்த நோய் போய்விட்டது, போகும்போது உச்சி சுரத்தின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. பாரிஸுக்குப் புதுக் குரல் கிடைத்தது, அவளுக்குத் துலூஸ் ரயில் கிடைத்தது.

புருஷன் ஃபெரெயோலும் ஒரு காலத்தில் பாடியவன்தான். அவன் குரல் முப்பது வயதிலேயே விடைபெற்றுக்கொண்டது. அதன்பின் ஒக்தாவியின் புருஷனாக இருப்பதே அவன் உத்தியோகம். பெட்டி கட்டுவான், மானேஜர்களிடம் மல்லுக்கு நிற்பான், மேடையேறும் முன் பச்சை முட்டையில் தேன் கலந்து கொடுப்பான். ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்குக் கை தட்டியதில்லை. பாடகியின் வீட்டார் தட்டுவது அந்தப் பக்கத்தில் வெட்கக்கேடு. கையுறையைக் கழற்றாமல், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பான்.

இடைவேளையில், அவளுக்கு மேடை உடை உடுத்திவிடும் யூலாலி கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள். கீழ்த்தளத்தில் ஊருக்குப் புதிதாகச் சில ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். மோந்தோபான் மாவு மில்லில் வேலை பார்க்கிறவர்கள். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கிறது. கூட்டி வந்து ஒயின் வாங்கிக் கொடுத்தது யாரென்று காப்பிக் கடையில் அவர்களே உளறிவிட்டார்களாம்.

"யாரு?" என்றாள் ஒக்தாவி.

"உங்க வீட்டுக்காரர்தான் மதாம்."

ஒக்தாவி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாரிஸில் கைதட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பது சர்வ சாதாரணம், ஒவ்வொரு அரங்குக்கும் அதற்கென்று ஒரு மேஸ்திரியே உண்டு. ஆறு வருடம் அதைப் பார்த்துப் பார்த்து ஃபெரெயோலுக்கு அது பழகிப்போயிருந்தது. துலூஸில் அது ஊரார் முகத்தில் எச்சிலைத் துப்புவதற்குச் சமம். உள்ளூரில் ஒருவன் சம்மதிக்க மாட்டான் என்று தெரிந்துதானே பாவி மனுஷன் ரயிலேறிப் போய் ஆள் பிடித்திருக்கிறான். ஆனால் அவளைச் சுட்டது அந்த அவமானம் இல்லை. இவனே என்னை நம்பவில்லையே என்பதுதான் சுட்டது. ஆளனுப்பி அவனைக் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி அங்கத்தில், ராணி வேஷத்தில் ஒக்தாவி சிறையிலிருந்து பாடும் பாட்டு வரும். குரல் படிப்படியாக ஏறிக்கொண்டே போய், உச்சி சுரத்துக்கு முன்னால் சட்டென்று நிற்கும். வாத்தியங்களும் நின்றுவிடும். இரண்டு மூச்சு நேரம் வெறும் அமைதி. அதற்குப் பிறகுதான் உச்சி. அந்த ஊரில் ரொட்டிக் கடைக்காரனுக்குக்கூட அந்த இடம் தெரியும், எல்லோரும் இருமலை அடக்கிக்கொள்வார்கள்.

மோந்தோபான்காரர்களுக்குத் தெரியாது. ஒக்தாவி நன்றாகவே ஏறி, அந்த இடத்தில் நின்றாள். பாட்டு முடிந்ததென்று நினைத்து அவர்கள் குடித்த ஒயினுக்கு வஞ்சகமில்லாமல் வெளுத்துக் கட்டினார்கள். மூட்டை தூக்கிய கைகள் அல்லவா, அரங்கமே அதிர்ந்தது.

முதலில் சிரிப்பு கிளம்பியது. பிறகு கீழ்த்தளத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், மாவைப் பார்த்தார்கள், விஷயம் புரிந்தது. ஊரிலேயே பொல்லாத சாவி ஒயின் வியாபாரி போர்தநாவுடையது. அவர் எழுந்து நின்று ஊதினார். அவரைத் தொடர்ந்து நாலாபக்கமும் சாவிகள். மூன்றாவது வரிசையில் ஃபெரெயோல் முகத்தில் ஈயாடவில்லை.

ஒக்தாவி வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள். பாடகி ஜனங்களோடு பேசக்கூடாது என்பது விதி. அந்த அதிர்ச்சியிலேயே சாவிகள் ஓய்ந்தன.

"அந்த ஆளுங்களக் கூட்டிட்டு வந்தது நான்தான்," என்றாள். "பயந்துட்டேன். பத்தொம்பது வயசுல இதே இடத்துல நீங்க விசிலடிச்சு அனுப்புனீங்க. வாயத் தெறக்காமப் போனேன், ஏன்னா அன்னைக்கு நான் பாடினது நல்லால்ல. இன்னைக்கும் அடிங்க, வேணாங்கல. ஆனா நான் பாடினதுக்கு அடிங்க. அவங்க தட்டினதுக்கு அடிக்காதீங்க."

பிறகு மில்லுக்காரர்கள் பக்கம் திரும்பி, "நீங்க தூரத்துலருந்து வந்துருக்கீங்க, சந்தோஷம். கையக் கொஞ்சம் பாக்கெட்டுல போட்டுக்கோங்க," என்றாள்.

அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அப்படியே செய்தார்கள்.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஏறினாள். நின்றாள். அந்த அமைதியில் மேலே மாடத்தில் ஒரு பலகை கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. பிறகு உச்சி வந்தது. பழைய கனம் இல்லை. நைந்த பட்டு மாதிரி மெலிந்திருந்தது, ஆனாலும் கிழியவில்லை. கடைசி வரை நின்று, தானாகவே இறங்கியது.

யாரும் தட்டவில்லை. தட்டினால் தன்னையும் மில்லுக்காரன் என்று பக்கத்துக்காரன் நினைப்பானே. யாரும் ஊதவும் இல்லை. திரை விழுந்து, கமிசார் வந்து நின்று, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார். எல்லோரும் போர்தநாவைப் பார்த்தார்கள். அவர் சாவியை உதடு வரைக்கும் கொண்டுபோனார். பிறகு அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆதரிப்பவர்கள் தெரிவிக்கலாம் என்றார் கமிசார். அதற்கும் சத்தம் இல்லை. மனுஷர் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "விசில் இல்லை. ஆகவே மதாம் ரூவியேர் ஏற்றுக்கொள்ளப்பட்டார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு கைதட்டல்கூட இல்லாமல் அந்த அரங்கில் ஜெயித்த பாடகி அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஃபெரெயோல் ஒப்பனை அறைக்குள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தான். யூலாலி நாசூக்காக வெளியே போனாள். ஒக்தாவி கண்ணாடியைப் பார்த்தபடியே முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஆளுங்க ரயிலேறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க. ஒருத்தன் அழுதுட்டே போனான்."

"பாட்டக் கேட்டா?"

"ரெண்டாவது தடவ தட்ட விடலையேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மனம் வரவில்லை. "பதினெட்டு வருஷம் கூட இருந்தும் நீ என்னை நம்பலையே, ஃபெரெயோல்."

"உன்னை நம்பினேன். இந்த ஊரத்தான் நம்பல."

"பொய் சொல்லாத."

அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே நின்றான். "கோடையிலருந்து வீட்டுல அந்தப் பாட்ட நீ முழுசாப் பாடவே இல்ல. கதவுக்கு வெளியே நின்னு கேப்பேன். அந்த எடம் வரைக்கும் வருவ. நிறுத்துவ. நானும் காத்துக்கிட்டே நிப்பேன். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. நாற்காலிய நகத்துற சத்தந்தான் கேக்கும்."

துணியோடு அவள் கை அப்படியே நின்றது. கதவுக்கு வெளியே ஒருவன் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் தன் ஒருத்திக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை, இந்த மனுஷன் மேல் அப்படி ஒரு வாஞ்சை பொங்கியது.

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மெல்லிய குரலில் அந்த வரியைப் பாடத் தொடங்கினாள். ஏறினாள். அந்த இடத்தில் நின்றாள்.

ஃபெரெயோல் தொப்பியை நாற்காலியில் வைத்தான். கையுறைகளைக் கழற்றினான். அசையாமல் காத்திருந்தான்.

அவள் உச்சியைத் தொட்டு, பிடித்து, இறக்கினாள். அதன் கடைசி இழையும் அடங்கிய பிறகுதான் அவன் தட்டினான். கண்ணில் நீர் வடிய, கை சிவக்கச் சிவக்கத் தட்டினான். கூலியில்லாமல் அன்று அவளுக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். அவள் எழுந்து, பாதித் துடைத்த முகத்தோடு, மேடையில் செய்வது போலவே முழங்காலை மடித்துத் தாழக் குனிந்து அவனுக்கு வணக்கம் சொன்னாள்.