செக்ரோலில் ஒரு பெற்றீசியா

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆறாம் நம்பர் மலையின் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள் பெற்றீசியா. ராத்திரி மழையில் பாதை சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கியது. இரண்டு தண்ணீர்க் கான்களைத் தாண்டினாள். மூன்றாவதற்குள் விழுந்தாள். முழங்கால்வரை சேறு. எழுந்து மறுபடி ஓடினாள்.

மணி ஒன்பது. ஒன்பதரைக்குத் தோட்டத்துக் கிளாக்கர் சூசைரட்ணம் துரையின் ஜீப்பில் ஏறி அட்டனுக்குப் போய்விடுவார். பத்து இருபதுக்கு றொசல்ல ஸ்டேஷனில் ரயில். பிற்பகல் மூன்று மணிக்குள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், கிளாக்கர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தோடு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்கு.

இத்தனை அவசரத்துக்கும் காரணம் தோட்டத்துத் தபால். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் ஆபீஸ் மேசையில் ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு, நேற்று மாலை மஃறூப் நானாவின் கடை வழியாக அவளிடம் வந்து சேர்ந்தது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அவளைப் பற்றி ஒரு முறைப்பாடு கிடைத்திருக்கிறது. அவள் ஐந்து வருடமாகத் தோட்டத்தின் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், கொழுந்து எடுப்பவளாகப் பதிவாகியிருக்கிறாள். மாதம் இருபத்தைந்து நாள் மலையில் நின்றவள் மாவட்டக் கோட்டாவுக்கு வேண்டிய மூன்று வருடப் படிப்பை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? தோட்ட நிர்வாகத்தின் விளக்கத்தோடு நேரில் வரவும்.

முறைப்பாடு! மொட்டைக் கடுதாசி என்று சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

எழுதிய கையை முறிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். கண்டுபிடிப்பதொன்றும் கஷ்டமில்லை. இந்தத் தோட்டத்தில் நாலு வரி எழுதக்கூடிய கை மொத்தமே நாலு.

முதலாவது வியாகுலம் மாஸ்டருடையது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே மாஸ்டர், ஒரே பிரம்பு. கணக்குப் பாடம் என்றால் மூன்றாம் வகுப்பு அவர் வீட்டு லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும். சுகாதாரப் பாடம் என்றால் நாலாம் வகுப்பு அவருக்கு விறகு பொறுக்கும். ஸ்கொலர்ஷிப் பரீட்சை என்று ஒன்று இருப்பதே கடைசி வாரம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த மனிதர் வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றீசியாவுக்குப் பாராட்டு விழா வைக்கப்போகிறார். தலைமை அவர். வாழ்த்துப்பா பாடுவதும் அவரே. பதினாறு பாட்டில் பதினொன்று அவரைப் பற்றி என்று கேள்வி.

இரண்டாவது கை கண்டாக்கு செல்லசாமி. மலையை மேற்பார்க்கும் உத்தியோகம், முழங்கால்வரை மேஜோடு. அவர் மகன் மூன்று தடவை ஏ.எல். பரீட்சை எழுதி மூன்று தடவையும் விழுந்தவன். பெற்றீசியா முதல் தடவையிலேயே தேறியதும், "வினாத்தாள் லேசாமே இந்த வருசம்?" என்று கேட்டவர்.

மூன்றாவது மஃறூப் நானா. நல்ல மனிதர்தான். ஆனால் ஊருக்கு வரும் கடிதமெல்லாம் அவர் கடை வழியாக வருகிறது. எதற்கும் சேர்த்துக்கொண்டாள்.

நாலாவது கை கிளாக்கர். செக்ரோலை எழுதுவதே அந்தக் கைதான்.

அது எழுதிய கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுபத்து நாலாம் வருசப் பஞ்சத்தில் அம்மா இராசம்மா போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்துத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது அப்பா அந்தோனிமுத்து காலை வெட்டிக்கொண்டார். வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு பேர் பதியாவிட்டால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவை விடவேண்டும். பதினைந்து முடிந்த பெற்றீசியாவின் பேரைப் பதியச் சொன்னார்கள். அவளோ அட்டன் கொன்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். "நான் கூடை தூக்கமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். தங்கச்சி மரியநாயகிக்குப் பன்னிரண்டு வயது. பேர் பதிய வயது காணாது. கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னார்: பேர் பெரியவளுடையது, கை சின்னவளுடையது. அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அன்றைக்கு மரியநாயகி அழுதாளா என்று பெற்றீசியாவுக்கு ஞாபகமில்லை. அவள் அன்று அல்ஜிப்ரா செய்துகொண்டிருந்தாள்.

கொன்வென்ட் மட்டும் என்ன வாழ்ந்தது? டவுன் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். "லயத்துப் புகை மணக்குது சிஸ்டர்" என்று எழுந்து நின்று சொல்வார்கள். சிஸ்டரும் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் பெற்றீசியா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பச்சக் கொழுந்து நாத்தம், அந்தப் பக்கம் தள்ளிப் படுடீ" என்று தங்கச்சியைச் சுவரோரம் ஓட்டுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மண்டையில் ஒன்றும் ஏறாது. சொன்னால் தள்ளிப் படுப்பாள். அவ்வளவுதான் அவளைப் பற்றி நினைக்க இருந்தது.

இன்று விடியற்காலையிலும் அவள் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியையும் சம்பலையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கடுதாசியில என்னாக்கா போட்டிருக்கு?"

"உனக்கு விளங்காது. போ, பேர் கூப்பிடுற நேரமாச்சு."

போகாமல் நின்றாள். "கெம்பஸ்ல தமிழ்ல எழுதுனா வாசிப்பாங்களாக்கா?" போன மாதமும் இதே கேள்விதான்.

"ஏன்? நீயும் எழுதிப் போட்டு எடம் கேக்கப் போறியா?"

மரியநாயகி சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துத் தலையில் கயிற்றை மாட்டினாள். அப்பா மூலையிலிருந்து இருமினார்.

"கிளாக்கரய்யா மனசு நோகாமப் பேசும்மா. ஒரு கும்புடு போட்டுட்டுப் பேசு."

"நீங்க போட்ட கும்புடு மூணு தலமொறைக்குக் காணும்ப்பா."

ஆபீஸ் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. சூசைரட்ணம் குடையும் பையுமாக வெளியே வந்தார். சேற்றுக்காலோடு படியேறியவளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னா புள்ள, கெம்பஸுக்குப் போற கோலமா இது? நாத்து நடப் போறியோ?"

"கடிதம் வேணுங்கய்யா. செக்ரோல்ல இருக்கிறது நான் இல்லன்னு எழுதித் தாங்க."

"இல்லாத ஆளுக்கு அஞ்சு வருசம் பேர் போட்டேன்னு எழுதச் சொல்றியா? நாளைக்கு என்னய வீட்டுக்கு அனுப்பிருவானுங்க."

"பேர் போடச் சொன்னது நானா? வழி காட்டுனது நீங்க. எடம் போச்சுன்னா நேரா துரைகிட்டப் போவேன். சிங்களத்துலயே சொல்வேன். படிச்சிருக்கேன்ல?"

கிளாக்கர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஜீப் டிரைவரிடம் ஐந்து விரலைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பினார். டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். கெட்டிக்கார மனிதர், பொய்யைக்கூட ஓரம் விட்டு, பத்தி பிரித்துத்தான் அடிப்பார். நாலே நிமிடம். சீல் குத்தி நீட்டினார். பெற்றீசியா படித்தாள்.

'பதிவேட்டிலுள்ள பெற்றீசியா அதே பெயருடைய வேறொரு தொழிலாளி ஆவார். முறைப்பாடு செய்தவரோ எமது பதிவேட்டில் இல்லாத நபர். அவருடைய கூற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.'

அருமை! மூன்றே வரியில் எல்லா வாயும் அடைபட்டது. கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம். இறங்கு பாதை, நடந்தே போகலாம். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அந்த மொட்டக் கடுதாசி எழுதுனவன் யாருன்னு தெரியுமாங்கய்யா?"

"மொட்டன்னு யாரு சொன்னா? பேர் போட்டுத்தான் எழுதியிருக்கு. கெம்பஸ்காரனுங்க தொரைக்கும் ஒரு கொப்பி அனுப்பியிருந்தானுங்க. நல்ல வேள, தபால ஒடைக்கிறது நானு." மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அவன் இல்ல புள்ள. எழுதுனவ. மொதல்ல அவ வாயக் கட்டு."

எழுதினவளா?

அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளின் பிரதி. பெற்றீசியா நின்றபடியே படித்தாள். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. வெளியே ஜீப் ஹோர்ன் அடித்தது.

அவள் பையைத் திறந்தாள். சீல் குத்திய கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து டைப்ரைட்டர்மேல் வைத்தாள்.

"ஏய்! பைத்தியமா ஒனக்கு? இன்னொன்னு அடிச்சுத் தருவேன்னு நெனைக்காத!"

"வேணாங்கய்யா. இது போதும்." பிரதியை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஸ்டேஷன் கீழே இருந்தது. அவள் மேலே ஓடினாள்.

ஆறாம் நம்பர் மலையில் காலை நிறுவை. தராசைத் தொங்கவிட்டுக் கண்டாக்கு செல்லசாமி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள்.

"நாகலெட்சுமி... ஒம்பது. மீனம்மா... எட்டு, ஈரத்துக்கு ஒண்ணு வெட்டு. பெற்றீசியா!"

"வந்துட்டேங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல் அல்ல. தன் பேருக்கு வேறொருவர் பதில் சொல்வதைக் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. வரிசையிலிருந்து மரியநாயகி கூடையோடு முன்னால் வந்தாள்.

"அடடே, கெம்பஸ் பெற்றீசியாவும் வந்திருக்கு!" என்றார் கண்டாக்கு. "எந்தப் பெற்றீசியாவ நிறுக்க?"

வரிசை சிரித்தது. பெற்றீசியா தங்கச்சியின் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து உருவினாள். கொழுந்து தரையில் கொட்டியது.

"அக்கா! இன்னும் நிறுக்கல!"

"பேசாம வா. ரயிலுக்குப் போறோம்."

"ஏ புள்ள, இன்னைக்கு அர நாள் வெட்டிருவேன்!" என்று கத்தினார் செல்லசாமி.

"யாருக்கு வெட்டுவீங்க? பெற்றீசியாவுக்குத்தானே? வெட்டிக்கங்க!"

இருவரும் ஓடினார்கள். கான்களை மரியநாயகி கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். அக்காவைத்தான் இரண்டு இடத்தில் கைப்பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. வெடித்துக் கறுத்த விரல்கள். காலையில் ரொட்டி நீட்டிய அதே விரல்களைப் பெற்றீசியா இப்போதுதான் தொட்டாள்.

ரயில் வளைவில் திரும்பும்போது பிளாட்பாரத்தில் ஏறினார்கள். டிக்கெட் எடுத்து, பெட்டிக்குள் தாவி, மூச்சு வாங்கியபோது வட்டவளை தாண்டிவிட்டது. கொழுந்து வாசம் பெட்டி முழுக்க வீசியது. எதிரே இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்தார். பெற்றீசியா அவரை முறைத்த முறைப்பில் மறுபடி மூடினார்.

"எங்கக்கா போறோம்? படங்கைக்கூட அவுக்கல" என்று இடுப்பில் கட்டிய சாக்கைத் தொட்டுக் காட்டினாள் மரியநாயகி.

"கெம்பஸுக்கு. அங்க இருக்கிற ஐயாமார்கிட்ட நீ வாயத் தொறந்து சொல்லணும். அஞ்சு வருசம் மலையில நின்னது யாருன்னு. என் எடம் இப்ப உன் வாயிலதான் இருக்கு."

சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினாள். பார்த்ததும் மரியநாயகியின் முகம் மலர்ந்தது.

"வாசிச்சுட்டாங்களாக்கா? தமிழ்ல எழுதுனத வாசிச்சுட்டாங்களா?"

நாலு கை என்று எண்ணிக்கொண்டு ஓடிய பெற்றீசியா, தாளை மடியில் விரித்து மூன்றாம் தடவையாகப் படித்தாள்.

'பெரிய ஐயா அவர்களுக்கு. எங்கள் அக்கா பெற்றீசியா உங்களிடம் படிக்க வாறா. அவ பேரில் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறது நான். அக்கா ஒரு நாளும் மலைக்கு வரயில்லை, அட்டனில் படிச்சா. அவ பெரிய சோதனை எழுதின முதல் நாள் நான் பதினெட்டு கிலோ எடுத்தேன். என் பேரைப் பதியச் சொல்லி கிளாக்கர் ஐயாவிடம் மூணு தரம் கேட்டேன். முடியாது என்றார். அக்கா பேர் இனி உங்களுக்கு வேணும். ஒரு பேர் ரெண்டு இடத்தில் இருக்கக் கூடாதுதானே. அதனால் நீங்கள் தோட்டத்துக்கு எழுதி, அக்காவை அங்கே எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்னைப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, செக்ரோலில் இல்லாத அ. மரியநாயகி.'