கொடிக்குக் கீழே கிடந்தவர்

சுதந்திரப் பொன்விழாவுக்கு யூனியன் ஆபீஸ் மதிலில் பெரிய படம் ஒன்று வரைய வேண்டும் என்று செயலாளர் கோவிந்தராஜுலு முடிவு செய்தார். வேலையைத் திருமூர்த்தியிடம் கொடுத்தார். மில் மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே நூல் ஓட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி இப்போது கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தான்.

செயலாளர் பழைய பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். பிரான்சில் ராஜாவை எதிர்த்து ஜனங்கள் கிளம்பியதைக் காட்டும் பேர்பெற்ற ஓவியம். புகை நடுவே ஒரு பெண், உயர்த்திய கையில் கொடி. அவள் பின்னால் கூட்டம். காலடியில் பிணங்கள்.

"இவ நெசமான பொம்பளை இல்லப்பா. இவதான் சுதந்திரம். அந்த நாடே இவதான். தொப்பிக்காரன், கூலிக்காரன், பொடியன், அல்லாரும் ஒண்ணா வாராங்க பாரு. செத்தவங்களைத் தாண்டித்தான் அவ முன்னால வர முடியும். அதான் அர்த்தம்."

"மேல துணி இல்லீங்களே."

"சீலை கட்டி உட்டுரு. கொடியும் நம்ம கொடியா இருக்கட்டும்."

கூட்டத்துக்கு மில் தொழிலாளர்களின் முகங்களையே திருமூர்த்தி வைத்தான். கீழே கிடந்தவர்களில் ஒருவனுக்கு நரசிம்மலுவின் முகம். இருவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். மூடிய மில்லைத் திறக்கச் சொல்லிக் கேட்டில் கூடியவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்திய அன்று கூட்டம் சிதறி ஓடியபோது நரசிம்மலு விழுந்தான். சாக்கடைத் திட்டில் தலை அடிபட்டது. திருமூர்த்தியின் மடியில்தான் உயிர் போயிற்று. சிநேகிதனுக்குத் தன்னால் செய்ய முடிந்த மரியாதை இது என்று நினைத்தே வரைந்தான்.

கேள்விப்பட்டு நரசிம்மலுவின் மனைவி ரங்கம்மாள் வந்தாள். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெயிலில் வெகுநேரம் மதிலைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏனுங்ண்ணா, இவரு எதுக்குங்க கீழ கெடக்கறாரு?"

செயலாளர் சொன்னதையே திருமூர்த்தி சொன்னான். "நாட்டுக்கு உசிரக் குடுத்தவங்க அம்மணி. அவங்க இல்லீன்னா அவ நடக்க முடியாது."

"அவரு உசிரக் குடுக்கப் போகலீங்ண்ணா. பூட்டுன மில்லுக்குள்ள மாட்டிக்கிட்ட சைக்கிளைக் கேட்டு வாங்கியாரேன்னு போனாரு." அவள் குரல் உயரவில்லை. "அவ திரும்பிக் கூட்டத்தைப் பாக்கறா. கீழ பாக்கவே இல்லீங்க. மிதிச்சுப்போட்டுப் போறாப்ல இருக்குது. அழிச்சுருங்ண்ணா."

அன்று சாயங்காலமே திருமூர்த்தி அந்த முகத்தின் மேல் கறுப்புப் பூசி, குப்புறக் கிடப்பவனின் தலைமயிராக மாற்றிவிட்டான். பார்த்த கோவிந்தராஜுலு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேப்பர்லயும் அவன் பேரு வரலே. கேஸும் இல்லே. இந்த மதில்லயாச்சும் இருக்கட்டும்னு பார்த்தேன். இனி அவனுக்கு வேற எங்கப்பா எடம்?"

பதினைந்தாம் தேதி கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டம் குறைவு. பாதிப்பேர் வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள்.

தீபாவளி கழிந்து ரங்கம்மாள் அவன் வீட்டுக்கே வந்தாள். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தயங்கினாள்.

"அழிக்கச் சொன்னது தப்பில்லீங்ண்ணா. ஆனா அன்னிக்கு மதில்ல பார்த்தது அவரே தானுங்க. ஊட்டுல கலியாணப் போட்டோ ஒண்ணுதான் இருக்குது. அதுல யாரோ சின்னப் பையனாட்ட இருக்காரு. மூஞ்சி மட்டும் ஒண்ணு வரைஞ்சு தருவீங்களா? கொடி கிடியெல்லாம் வேண்டாம். நம்மளைப் பாக்கறாப்ல இருந்தாப் போதும்."

வரைந்துவிடலாம் என்றுதான் திருமூர்த்தி ஒப்புக்கொண்டான். நெற்றி வந்தது, மேலுதட்டுத் தழும்பு வந்தது. கண்ணைத் திறந்து வரைந்தால் மட்டும் யாரோ வேற்றாள் ஆகிவிட்டான். தாள் தாளாகக் கிழித்தான். இத்தனை வருடம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தும் மடியில் கிடந்த முகம் மட்டுமே அவனுக்கு மிஞ்சியிருந்தது.

கடைசியில் கண் மூடிய முகத்தையே வரைந்து, பஸ் ஏறிக் கருமத்தம்பட்டிக்கு எடுத்துப் போனான்.

"இப்படித்தான் வருது அம்மணி. என்னால முடியலே."

ரங்கம்மாள் தறிச்சத்தத்துக்கு வெளியே வந்து, பஞ்சு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள்.

"நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா இப்படித்தானுங்க தூங்குவாரு," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். உள்ளே மேஸ்திரி கூப்பிட்டார். அவள் படத்தைச் சுருட்டாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.