தண்ணீர் குடிக்கும் குழாய்

சக்கர நாற்காலியோடு குளியலறைக்குள் போய் மகள் கதவைத் தாழிட்ட சத்தம் கேட்டதும், அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுப் பல மாதமாகிறது.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் மகள். படியில் உருண்டு முதுகெலும்பு முறிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. சிறுநீரும் தானாக இறங்காது. வேளாவேளைக்கு மெல்லிய குழாயைச் செருகித்தான் எடுக்கவேண்டும். அதை அம்மா செய்துவந்தாள். எவ்வளவு பதமாகச் செய்தாலும் குழாய் உரசும், ரத்தம் கசியும், பின்னாலேயே காய்ச்சல் வரும்.

வேலைக்குத் திரும்பலாம் என்று மேலதிகாரி சொன்னபோது அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தானும் கூடவே வந்து அறை வாசலில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். மகளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பழக்கமான நர்ஸைப் பிடித்து, இதை நானே செய்துகொள்ள வழி சொன்னால்தான் நகர்வேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் புதுவிதக் குழாய் ஒன்றைக் காட்டினாள். அதன் மேல்பூச்சுக்குத் தண்ணீர் என்றால் உயிர். நனைத்ததும் நீரை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு விலாங்குமீனாய் வழுக்கியது.

"இது உரசாது. ஆனா கையிலயும் நிக்காது, பாத்துக்க."

நிற்கத்தான் இல்லை. குளியலறையில் முதல் குழாய் நழுவித் தரையில் விழுந்து வீணானது. இரண்டாவது, கண்ணாடியில் பார்த்துச் செருகியும் இடம் தப்பியது. உணர்ச்சியில்லாத உடம்பில் வழி தேடுவது, இருட்டில் பூட்டுத் துவாரத்தைத் துழாவுவதுபோல் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது.

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். உனக்கு ஏன்டி இந்த வீம்பு?" என்றாள் அம்மா, கதவுக்கு வெளியே.

"ஒரு தடவை வளத்தியே, அது போதும்மா."

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

மூன்றாவதை நனையாத நுனியில் பிடித்து நீரில் அமிழ்த்தினாள். அவசரப்படவில்லை. பூச்சு குடிக்கிற மட்டும் குடிக்கட்டும் என்று காத்திருந்தாள். இம்முறை எங்கும் தட்டாமல் போனது. கிண்ணத்தில் மெல்லிய சத்தம் விழ, அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அம்மா நிலைய வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை; வீட்டுக்குப் போகவுமில்லை. அறிவிப்பறை ஜன்னல் வழியே மகள் பார்த்தாள். அவள் குரலில் முதல் அறிவிப்பு ஒலித்ததும் ஜனமெல்லாம் பெட்டி படுக்கையோடு நடைமேடைக்கு ஓட, அம்மா மட்டும் அண்ணாந்து, கம்பத்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.