கொண்டை ஊசி வைத்த பக்கம்

அம்மாவின் கல்யாணப் புடவையைத் தேடி மகள் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, வெள்ளைப் பட்டின் மடிப்பிலிருந்து ஒரு புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. தேவசகாயம் குனியவில்லை. நின்றபடியே பார்த்தார். பழுப்புத் துணி அட்டை. முதுகில் வெள்ளை மையில் எண். உள்ளே நூலக முத்திரை.

பின்பக்கம் பெண்கள் அவர் மனைவி ரூத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை காபி போட்டு வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு அடக்கம்.

மகள் ஜெஸ்ஸி புத்தகத்தை எடுத்துப் பெட்டியின் அடியில் திணித்தாள்.

"உள்ள வெச்சிடறேன் நைனா. யாரும் பாக்கல."

"அதுவா?"

"அதுதான்."

பதின்மூன்று வருடமாயிற்று. அப்போது கருங்குழி நூலகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க நிரந்தர உத்தியோகத்தில் இருப்பவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தெருவில் எல்லாரும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அங்கே செல்லுபடியான முதல் கையெழுத்து, லைன்மேன் தேவசகாயத்துடையது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெஸ்ஸியை சைக்கிள் பாரில் உட்காரவைத்து அழைத்துப் போவார். ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு பெரியவர்கள் பெஞ்சில் குனிந்திருப்பார்கள். ஜெஸ்ஸி கீழ்த்தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டுவிடுவாள். அவர் வாசலிலேயே கைகட்டி நிற்பார். நூலகர் ராஜேந்திரன் தேதி முத்திரை குத்தும் சத்தம் கேட்டால் போதும். தன் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு அந்த அஞ்சலட்டை வந்தது. 'தங்கள் மகள் எடுத்த நூல் ஐந்து மாதமாகத் திரும்பவில்லை.' அட்டையில் எழுதியதைத் தபால்காரர் படித்தார், பக்கத்து வீடு படித்தது, தெருவே படித்தது. "புஸ்தகம் வூட்ல கீதா?" என்று ரூத்திடம் கேட்டார். "குடுத்தாச்சு" என்றாள். நேரே நூலகத்துக்குப் போனார். "எங்க வூட்டுப் பொண்ண திருடின்றியா? கையெழுத்து போட்டவன் நானு!" உறுப்பினர் அட்டையை ராஜேந்திரன் மேசைமேலேயே கிழித்துப் போட்டார். அதன்பிறகு ஜெஸ்ஸி அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஜெஸ்ஸி பெட்டியருகிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதில்ல நைனா. நான்தான் அடுப்பங்கரைல உக்காந்து படிச்சிக் காட்டுவேன். முடியற வரைக்கும் குடுக்காதன்னாங்க. கார்டு வந்ததும் உன் கோவத்தப் பாத்து பயந்து பொய் சொல்லிட்டாங்க. அப்புறம் அத வெளிய எடுக்கவே பயம்."

"இன்னா கதை?"

"லைட் அவுஸ்காரர் பொண்ணு கதை."

தேவசகாயம் சுவரைப் பார்த்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ரூத் வற்புறுத்தி மகாபலிபுரம் கூட்டிப்போகச் சொன்னாள். கோயில்களைப் பார்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். "போலாமா? இன்னா கீது அதுல?" என்று அவர் கடிந்துகொண்டார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாள்.

வாசலில் யாரோ மாலையோடு வந்தார்கள். ராஜேந்திரன்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தெரு எதையும் மறக்கவில்லை.

தேவசகாயம் பெட்டியின் அடியிலிருந்து புத்தகத்தை உருவினார்.

"வேணாம் நைனா," என்றாள் ஜெஸ்ஸி.

ரூத்தின் தம்பி சாலமோன் குறுக்கே வந்தான். "மாமா, அத்தினி பேரும் பாத்துகினு கீறாங்க. இப்ப இது எதுக்கு?"

"அன்னிக்கும் அத்தினி பேரும் பாத்தாங்க."

பந்தலின் நடுவே நின்று இரண்டு கையாலும் நீட்டினார். "உங்க கடுதாசி சரிதான் சார். புஸ்தகம் எங்க வூட்லதான் இருந்திச்சி."

ராஜேந்திரன் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு வாங்கிப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. தாளில் கொண்டை ஊசி ஒன்று துருப்பிடித்து ஒட்டியிருந்தது.

"பாதிலயே நிக்குது போல கீதே," என்றார்.

அவர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ரிடையர் ஆயிட்டேன் சார், வாங்கிக்க முடியாது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நூலகம் லீவு. நாளைக்குக் குடுங்க."

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. சாலமோன் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். தேவசகாயம் குளித்து, வேட்டி மாற்றி, கூடத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"எது வரைக்கும் படிச்சே?"

"புயல் அடிக்குது. அவங்கப்பாவக் காணோம். அந்தப் பொண்ணு தனியா விளக்கேத்த மேல ஏறுவா. அதோட நிக்குது."

"மீதியப் படி. நாளைக்குக் குடுக்கணும்."

ஜெஸ்ஸி ஊசியை மெல்லப் பெயர்த்தாள். எங்கே வைப்பது என்று தயங்கினாள். அவர் உள்ளங்கையை நீட்டினார். அவள் தரையில் சம்மணம் போட்டு, தாளில் பதிந்திருந்த துருக்கோட்டின்மேல் விரலை வைத்து, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"சத்தமாப் படி," என்றார் தேவசகாயம். "அடுப்பங்கரைக்குக் கேக்கணும்."