ஞாயிறு நாலு மணிக்குப் பாப்போம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மோட்டார் ஓடினால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற ரகம் ஒன்று. ஓடுகிற மோட்டாரையும் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிற ரகம் இன்னொன்று. நம் ஆள் இரண்டாவது ரகத்திலும் கொஞ்சம் முற்றின கேஸ். ஐம்பத்து மூன்று வயது, முப்பது வருஷ அனுபவம். இன்றைக்கும் தான் சரிசெய்த லிஃப்டே ஆனாலும், வெறும் கூண்டை ஒரு தடவை மேலே அனுப்பி, கீழே வரவழைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே காலை வைப்பார்.

கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘பாப்போம்’ என்றாகிவிட்டது. சம்பளம் கூடப்போகிறது என்று மேனேஜர் சொன்னால், பாப்போம் என்பார். நாளைக்கு மழை என்றால், பாப்போம். கூட வேலை செய்யும் சுருட்டை தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, கட்டாயம் வரணும் என்றபோதும் வாய் பழக்கத்தில் அதே வார்த்தைதான் வந்தது. சுருட்டை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் ஆள் தன்னுடைய கல்யாணத்தையும் பாப்போம் பாப்போம் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில், கேட்கிறவர்களே ஓய்ந்து போனார்கள்.

வாரம் ஒரு தடவை இணையத்தில் ஒரு பக்கம் எழுதுவார். படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். எழுதுவது மூன்றே விஷயம்: அரசியல், விண்வெளிக் கப்பல் தொடர், கால்பந்து. மூன்றுக்கும் அவர் பரம ரசிகர், மூன்றையும் துளிகூட நம்பாதவர். அவருடைய அணி நான்கு தடவை இறுதி ஆட்டம் வரை வந்து நான்கு தடவையும் மண்ணைக் கவ்வியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் தோற்கும் என்று எழுதுவார். தோற்றால் சொன்னேன் பார் என்பார், ஜெயித்தால் நடுவர் கண்ணை மூடிக்கொண்டார் என்பார். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆட்டத்தையும் பார்க்காமல் விட்டதில்லை. நம்பிக்கை இல்லாதவன் இப்படியா காத்துக் கிடப்பான் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

கப்பல் தொடரில் அவர் கண்டுபிடித்த தப்புகளுக்கு ஒரு தனி நோட்டு உண்டு. காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கிறது. எல்லாக் கிரகத்திலும் கேப்டனே முதல் ஆளாக இறங்கினால் கப்பலை யார் பார்த்துக்கொள்வது. இதெல்லாம் போகட்டும். அவருடைய பெரிய மனத்தாங்கல் வேறு. நாற்பது தளம் உள்ள கப்பல், ஆயிரம் பேர், வாயால் சொன்னால் போகிற லிஃப்ட். சமையல்காரரைக் காட்டினார்கள், முடி வெட்டுகிறவரைக் காட்டினார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் காட்டினார்களா?

"அவங்க காலத்துல லிஃப்டே பழுதாகாதுடா," என்பாள் அக்கா. "உன்னை மாதிரி ஆளுக்கு அங்க வேலையே இல்ல."

அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். புருஷன் போன பிறகு ஏழாவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் நம்புவாள். கேப்டனுக்கு அடிபட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், தம்பியின் அணி இந்தத் தடவை ஜெயிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஏழு வருஷம், வாராவாரம், டிவி முன்னால் இரண்டு நாற்காலி போட்டு இரண்டு பேரும் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். இடது பக்க நாற்காலி அக்காவுக்கு, வலது பக்கம் தம்பிக்கு. அவர் குறை சொல்ல, அவள் வாயை மூடுடா என்று தொடையில் ஓர் அடி வைக்க, அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய வாரமே.

அதைக் கெடுத்தது அரசியல். நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். பன்னிரண்டு வாக்குறுதி அச்சடித்துக் கொண்டுவந்து, உன் பக்கத்தில் எழுதுடா என்று தம்பி கையில் கொடுத்தாள். அவரும் எழுதினார். லிஃப்ட் சோதனைப் படிவம் மாதிரியே மூன்று கட்டம் போட்டார்: சரி, சரியில்லை, மறுபடி பார்க்கவும். பன்னிரண்டில் ஒன்றுக்குத்தான் ‘சரி’ விழுந்தது. மற்ற வேட்பாளர்களுக்கும் அதே படிவம்தான், அவர்களுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் கணக்கில் அக்காதான் முதல் மார்க். ஆனால் எதிராளிகள் அக்காவின் படிவத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து, ‘கூடப்பிறந்த தம்பியே நம்பவில்லை’ என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். அக்கா அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ யாருக்குடா ஓட்டுப் போட்ட?"

"உனக்குத்தான்."

"ஆதாரம் இருக்கா?"

இல்லை. ரகசிய வாக்கெடுப்புக்கு என்ன ஆதாரத்தைக் காட்டுவது? எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற மனுஷர், ஒரே ஒரு தடவை ஆதாரமில்லாமல் உண்மை சொல்ல வேண்டி வந்தபோது, வாயடைத்து நின்றார். அக்கா கதவைச் சாத்தவில்லை, சண்டை போடவில்லை. சரி, போயிட்டு வா என்றாள். அவர் போனார், வரத்தான் இல்லை. அக்காவின் கட்டடத்து லிஃப்டின் மாதச் சோதனை அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதைச் சுருட்டையிடம் தள்ளிவிட்டு, யாரும் தொட விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் நான்கு பழைய லிஃப்டுகளைத் தன் தலையில் கட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி லிஃப்டின் குழிக்குள் இறங்கி நின்றபோது அவர் ஃபோன் ஒலித்தது. அக்காவிடமிருந்து ஒரு செய்தி. நான்கு வருஷத்தில் முதல் செய்தி.

"ஞாயிறு நாலு மணி. பாப்போம்."

எண்ணெய்க் கையோடு அதை நாலைந்து தடவை படித்தார். ஞாயிறு நாலு மணிக்கு அவருடைய அணிக்கு ஐந்தாவது இறுதி ஆட்டம். கப்பல் தொடரின் கடைசிப் பாகம் வெளியாவதும் அதே நாலு மணிக்குத்தான். ஆனால் தொடரை எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், ஆட்டத்தைத்தான் அந்த நேரத்தில் பார்த்தாக வேண்டும். ஆகவே மணி குறித்துச் சொன்னால் அது ஆட்டம்தான். உன் அணி என்ன கிழிக்கிறது என்று பார்ப்போம், அதைத்தான் சொல்கிறாள். அதுவும் அவருடைய வார்த்தையையே எடுத்து அவர் மேலேயே வீசுகிறாள். இப்படி ஒவ்வொரு படியாக யோசித்து, கொஞ்சமும் பிசகில்லாமல், நேராகத் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவரும் ஒரே வார்த்தையில் பதில் போட்டார். "பாப்போம்."

அனுப்பிய கையோடு மனசு கசந்தது. நான்கு வருஷம் கழித்துக் குத்திக் காட்டத்தான் ஞாபகம் வந்ததா என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் தன்னுடைய ஒற்றை அறையில், ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவருடைய அணி கோல் போட்டது. ஓரத்து நடுவரின் கொடி உயருமா என்று பார்த்தார், உயரவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தபோதும், இன்னும் ஏதோ இருக்கிறது, ரத்து செய்யப்போகிறார்கள் என்றே காத்திருந்தார். கோப்பையைத் தூக்கிய பிறகுதான் எழுந்து நின்றார். தெருவில் பட்டாசு மாதிரி சத்தம், மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடினார்கள். முப்பத்தொரு வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஃபோனை எடுத்தார். மேலேயே அக்காவின் பெயர். ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தார், வரவில்லை. தோற்றிருந்தால் அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். நடுவர் இரண்டு நிமிஷம் குறைத்துவிட்டார் என்று தன் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். அதில் அவருக்கே ருசியில்லை, அழித்துவிட்டார்.

பொழுது போகவேண்டுமே என்றுதான் தொடரின் கடைசிப் பாகத்தைப் போட்டார். கப்பல் உடைந்துகொண்டிருந்தது. கேப்டனும் நான்கு பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது கூண்டின் மேல்மூடியைத் திறந்துகொண்டு ஒரு தலை எட்டிப்பார்த்தது. அரை வழுக்கை, தோளில் கருவிப் பை, முகமெல்லாம் கறை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை, ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அவர் சடாரென்று இடது பக்கம் திரும்பி, "ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான் பாரு," என்றார்.

இடது பக்கத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டு இருந்தது. அதில் அவருடைய இரண்டு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மிச்சப் படத்தை வாயைத் திறக்காமல் பார்த்து முடித்தார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் சுருட்டை அவரைத் தேடிக்கொண்டு வந்தான். ஞாயிறன்று அக்காவின் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுபோய், அவசர அழைப்பில் அவன்தான் போயிருக்கிறான். மூன்று மணியிலிருந்து அக்கா படியில் இறங்குவதும் ஏறுவதுமாக, எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று அவன் உயிரை வாங்கியிருக்கிறாள்.

"தம்பி வர்றான், அவனுக்கு முழங்கால் சரியில்ல, ஏழு மாடி ஏற மாட்டான்னாங்க," என்றான் சுருட்டை. "நாலுக்குக் கால் மணி முன்னாடி ஓட விட்டேன். இன்னொரு கட்டடத்துக்கும் போயிட்டு ஆறு மணிக்குக் கையெழுத்து வாங்கத் திரும்பி மேல போனா, டிவி முன்னாடி ரெண்டு நாற்காலி. டிவி போடவே இல்ல. அவனுக்கு வேலை இருந்திருக்கும்னாங்க. நீ எங்கப்பா போன?"

அவர் ஃபோனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி பார்த்தார். ஞாயிறு நாலு மணி. பாப்போம். கடைசிப் பாகத்தைச் சேர்ந்து பார்ப்போம் என்று கூப்பிட்டிருக்கிறாள். அவள் கணக்கில், வருகிறேன் என்று அவரும் பதில் போட்டிருக்கிறார். வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தையை ஒரே அர்த்தத்தில் சொல்லிச் சொல்லி, அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அக்காவின் கட்டடத்தில் லிஃப்ட் தரைத்தளத்தில் திறந்தபடி நின்றது. நேராக உள்ளே போய் ஏழை அழுத்தினார். நாலாம் மாடி தாண்டும்போதுதான், வெறும் கூண்டை அனுப்பிப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அதுவரை அது அவருக்குத் தெரியாது.

"உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்களாமே," என்றாள்.

"ம்."

"வரேன்னு சொன்னியேடா."

"பாப்போம்னுதானே போட்டேன்."

"நானும் அதைத்தானே போட்டேன்."

அவர் வாசல் மிதியடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளும் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கதவில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"கடைசிப் பாகம் பாத்துட்டியா?" என்று கேட்டாள்.

யார் மனசு நோகும் என்று பார்த்துப் பேசுகிற ஆளில்லை அவர். கூடப்பிறந்தவள் தேர்தலில் நிற்கும்போதே படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றிப் போடாதவர்.

"இல்ல," என்றார்.

"நிஜமா?"

"நிஜமா."

அக்கா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "நானும் பாக்கல. நீ இல்லாம எப்படிப் பாக்கறது," என்று உள்ளே போனாள். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

அவர்தான் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். கப்பல் உடையத் தொடங்கியது, கேப்டன் லிஃப்டில் மாட்டிக்கொண்டார், அக்கா கண்ணைத் துடைத்தாள். எந்த நிமிஷத்தில் அந்த மூடி திறக்கும் என்று அவருக்குத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குள் கழுத்து வியர்த்துவிட்டது. மூடி திறந்தது. வழுக்கைத் தலை எட்டிப்பார்த்தது.

அக்கா அவர் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "டேய், உன் ஆளுடா. வந்துட்டான் பாரு."

"ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான்," என்றார். நேற்றே சொன்ன வார்த்தைதான்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியை அவள் இப்போது கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் சொன்ன உண்மையை நம்பாதவள், இன்றைக்குப் பொய்யையே நம்பிவிட்டாள். இப்போது கேட்டால் கண்டிப்பாக நம்புவாள். உனக்குத்தான் போட்டேன் என்ற பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, படம் முடிகிறவரைக்கும் அவர் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்கவில்லை.